உள்ளத்தின் அச்சமும் உடலின் கால்சியமும்

நுழையும்முன்

எலும்பு வேறு, எண்ணம் வேறு என்று கருதுவது பொதுவான வழக்கம். எலும்புக்கு உறுதி தரும் கால்சியத்துக்கும் நெஞ்சைப் படபடக்கச் செய்யும் அச்சத்துக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்னும் ஐயம் எழுவது இயல்பே. அவ்வுறவு சில நிமிடங்களுக்குள் விரல்நுனியில் தெரியலாம். பல ஆண்டுகள் கழித்து முதுகெலும்பிலும் தெரியலாம். அவ்விரண்டையும் விளக்குகிறது இப்பாடம்.

சாவியும் கையும்

திண்டுக்கல் என்றதும் பெரும்பாறையும் அதன்மீது அமைந்த கோட்டையும் நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவது பூட்டு. கைவினைஞர்கள் அராவி அராவிப் பொருத்தும் இப்பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டும் சாவியும் பிறக்கும் இவ்வூரிலும் சுற்றியுள்ள சமவெளிச் சிற்றூர்களிலும், தமிழகத்தின் பிற இடங்களைப் போலவே, சாவிக்கு மற்றொரு பயனும் உண்டு என்று நம்புகின்றனர். ஒருவருக்குக் கைகால் இழுத்துக்கொண்டால் அருகிலிருப்பவர் ஓடிவந்து சாவிக்கொத்தை அவருடைய உள்ளங்கையில் திணிப்பர். இரும்பு பட்டால் இழுப்பு நிற்கும் என்பது நம்பிக்கை. சிறிது நேரத்தில் இழுப்பு நிற்கவும் செய்கிறது. ஆதலால் நம்பிக்கையும் நிலைத்துவிட்டது.

சாவி கொடுக்கப்படும் அக்கைகள் எல்லாம் ஒரே காரணத்தால் இழுத்துக்கொண்டவை அல்ல. மூளையின் மின்னோட்டம் நிலைகுலைவதால் நினைவிழந்து உடல் வெட்டி வெட்டி இழுப்பது கால்கை வலிப்பு. அதனின் முற்றிலும் வேறான நிலை ஒன்று உண்டு. தேர்வுக்கூடத்தில் வினாத்தாளைப் பெற்றவுடன் ஒரு மாணவிக்குப் படபடப்பு தோன்றுகிறது என்று கொள்வோம். மூச்சு விரைகிறது. வாயைச் சுற்றி மரத்துப்போகிறது. விரல்நுனிகளில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு பரவுகிறது. பிறகு கட்டைவிரல் உள்நோக்கி மடங்க, மற்ற விரல்கள் நீண்டு நுனியில் ஒன்றுகூடுகின்றன. வளையல்காரர் முன் வளையல் இட்டுக்கொள்ளக் குவித்து நீட்டிய கையைப் போல அக்கை காட்சியளிக்கும். விரிக்க முயன்றாலும் விரல்கள் விரியா. ஆனால் அவளுக்கு நினைவு தப்புவதில்லை. சூழ்ந்து நிற்போர் பேசுவதெல்லாம் அவள் காதில் விழுகிறது.

அவர்கள் பேசுவதுதான் பெருங்கேடு. ஒருவர் பேய் என்பார். ஒருவர் வலிப்பு என்பார். நடிப்பு என்று சொல்பவரும் உண்டு. ஒரு சொல் ஊருக்குள் பரவிவிட்டால் பெண்ணின் படிப்பு நிற்கிறது, திருமணப் பேச்சு தடைபடுகிறது, இல்லாத நோய்க்கு மருந்து தொடங்குகிறது. உண்மையில் அந்தக் கையில் நிகழ்வது எளிய வேதியியல். அதன் பெயர் டெட்டனி என்னும் தசை இறுக்கம். துருப்பிடித்த ஆணி குத்தினால் அஞ்சப்படும் டெட்டனஸ் என்னும் கிருமிநோய் வேறு, இது வேறு.

மூச்சு செய்யும் மாற்றம்

அச்சம் தோன்றியவுடன் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயத் துடிப்பும் மூச்சும் விரைகின்றன. எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடல் ஆயத்தமாகும் நிலை இது என்று அமெரிக்க உடலியலறிஞர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டு விளக்கினார்.

ஓடினால் தீங்கில்லை. ஓடும் தசைகள் கரியமில வாயுவை மிகுதியாக உண்டாக்கும். விரைந்த மூச்சு அதை வெளியேற்றும். வரவும் செலவும் ஒத்துப்போகும். தேர்வு எழுதுபவரோ பெஞ்சில் அசையாமல் அமர்ந்திருக்கிறார். மூச்சு மட்டும் ஓடுகிறது. ஆகவே கரியமில வாயு உண்டாவதைவிட மிகுதியாக வெளியேறுகிறது. அவ்வாயு இரத்தத்தில் கரைந்து கார்போனிக் அமிலமாக இருப்பது. அது குறைந்தால் இரத்தத்தின் காரத்தன்மை உயரும். இரத்தத்தின் பிஎச் அளவு 7.35 முதல் 7.45 வரை என்னும் குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டியது. அவ்வெல்லையைச் சிறிது கடந்தாலும் விளைவு தெரியும்.

கால்சியம் இவ்விடத்தில்தான் கதைக்குள் நுழைகிறது. இரத்தத்திலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழப் பாதி, எதனுடனும் பிணையாமல் அயனியாக உலவுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ஆல்புமின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஆல்புமினின் மேற்பரப்பில் அமர்வதற்கு ஹைட்ரஜன் அயனியும் கால்சியம் அயனியும் போட்டியிடுகின்றன. இரத்தம் காரமாகும்போது ஹைட்ரஜன் அயனிகள் குறைந்து இடங்கள் காலியாகின்றன. அவ்விடங்களில் கால்சியம் அமர்ந்துவிடுகிறது. மொத்தக் கால்சியம் ஒரு துளியும் குறையவில்லை. பயன்படும் கால்சியம் மட்டும் குறைந்துவிடுகிறது. கையில் பணம் இருந்தும், அது முழுவதும் வைப்புத்தொகையாக முடங்கிக் கிடப்பது போன்றது இந்நிலை.

இதை 1920ஆம் ஆண்டிலேயே கிராண்ட், கோல்ட்மேன் என்னும் இரு ஆய்வாளர்கள் செய்து காட்டினர். நோய் ஏதுமற்ற மனிதர் வேண்டுமென்றே விரைந்தும் ஆழ்ந்தும் மூச்சுவிட்டால் சிறிது நேரத்தில் தசை இறுக்கம் தோன்றுவதை அவர்கள் பதிவு செய்தனர். அச்சம் கூடத் தேவையில்லை. மூச்சு மாறினாலே போதும் என்பது அதனால் தெளிவாயிற்று.

குறைந்தால் தளராமல் இறுகுவது ஏன்?

இங்கு ஒரு முரண் தோன்றும். தசை சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும். நரம்பின் முனையிலிருந்து தசைக்குச் செய்தி தாவுவதற்கும் கால்சியம் நரம்புமுனைக்குள் நுழைந்தாக வேண்டும் என்பதைப் பெர்னார்ட் காட்ஸ் தம் உடன்பணியாளருடன் 1960களில் நிறுவினார். நரம்புச் செய்தி பற்றிய ஆய்வுகளுக்காக 1970இல் நோபல் பரிசும் பெற்றார். இதயத்துக்கும் அவ்வாறே. இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக்கரைசலில் துடிக்கவைத்து ஆராய்ந்தவர். அக்கரைசல் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய் நீரில் தயாரிக்கப்பட்டிருந்தது பின்னரே தெரியவந்தது. தூய நீரில் கரைத்தபோது துடிப்பு நின்றது. குழாய் நீரிலிருந்த கால்சியமே துடிப்பைக் காத்தது என்று 1883இல் அவர் வெளியிட்டார். அவ்வாறாயின் கால்சியம் குறைந்தால் தசைகள் தளர வேண்டுமே? மாறாக இறுகுகின்றனவே?

விடை நரம்பின் புறச்சுவரில் உள்ளது. நரம்புச் செல்லின் சவ்வில் சோடியம் நுழையும் வாயில்கள் உள்ளன. அவை திறந்தால் நரம்பு கிளர்ந்து செய்தி அனுப்பும். கால்சியம் அயனிகள் சவ்வின் வெளிப்புறத்தில் தங்கி, சிறு தூண்டலுக்கெல்லாம் அவ்வாயில்கள் திறந்துவிடாதபடி காக்கின்றன. திண்டுக்கல் மாணவர்க்கு இதை விளக்குவது எளிது: கால்சியம் நரம்பின் வாயிலில் தொங்கும் பூட்டு. பூட்டுகள் குறைந்தால் காற்றசைவுக்கும் கதவு திறக்கும். ஹாட்ஜ்கினும் பிராங்கன்ஹாய்சரும் 1957இல் கணவாய் மீனின் பெரிய நரம்பிழைகளில் இதை அளந்து காட்டினர். வெளியே கால்சியம் சற்றுக் குறைந்ததும், யாரும் ஏவாமலே நரம்புகள் தசைகளுக்குக் கட்டளைகளை அனுப்பத் தொடங்குகின்றன. நரம்புமுனையிலும் இதயத்திலும் செய்தி நின்றுபோக வேண்டுமானால் கால்சியம் அதைவிட மிகவும் குறைய வேண்டும். உயிருள்ள உடலில் அந்த எல்லைக்கு முன்பே இறுக்கம் தோன்றிவிடுகிறது. விரைந்த மூச்சினால் வரும் இறுக்கத்துக்குக் கால்சியம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் இயலாது. காரத்தன்மையே நரம்பை நேராகவும் கிளர்த்துகிறது. இரண்டும் சேர்ந்தே விரல்களைக் குவிக்கின்றன.

காண்டாமிருகம் தந்த சுரப்பி

வயது வந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் தங்கியுள்ளது. எஞ்சிய ஒரு விழுக்காட்டைக் கொண்டே நரம்பும் தசையும் இரத்த உறைவும் நடைபெறுகின்றன. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை என்னும் அளவு, உண்டாலும் பட்டினி கிடந்தாலும் பெரிதும் மாறுவதில்லை. இதைக் காப்பவை கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு சிறு சுரப்பிகள்; ஒவ்வொன்றும் ஓர் அரிசியளவே இருக்கும்.

இச்சுரப்பியை முதலில் கண்டதில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் வளர்ந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்று 1849ஆம் ஆண்டு இறந்தது. அதனை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டை ஒட்டி ஒரு சிறு சுரப்பி இருப்பதைக் குறித்துவைத்தார். அதன் பயன் அவருக்குத் தெரியவில்லை. மனிதரிடமும் அது உண்டு என்பதைச் சுவீடன் நாட்டு மருத்துவ மாணவர் ஐவர் சாண்ட்ஸ்டிராம் 1880இல் வெளியிட்டார்; அன்று அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. தைராய்டு அறுவை செய்துகொண்ட சிலர் கைகள் இறுகித் துன்புற்றதன் காரணம், அச்சிறு சுரப்பிகளும் சேர்த்து அகற்றப்பட்டமையே என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. சுரப்பி நீக்கப்பட்ட விலங்குகளின் இறுக்கம் கால்சியம் கொடுத்ததும் நீங்குவதை மெக்கல்லம், வோக்ட்லின் ஆகியோர் 1909இல் காட்டினர். காண்டாமிருகத்திலிருந்து அவ்விடம் வந்துசேர அறுபது ஆண்டுகள் ஆயின.

இரத்தத்தில் அயனிக் கால்சியம் குறைந்ததும் இப்பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனைச் சுரக்கின்றன. அளவை உணரும் ஏற்பி எது என்பது 1993இல்தான் கண்டறியப்பட்டது. ஹார்மோன் சிறுநீரகத்தில் கால்சியம் வீணாவதைத் தடுக்கிறது. வைட்டமின் டியைச் செயல்வடிவமாக மாற்றச் செய்து குடல் மிகுதியாக உறிஞ்ச வழிசெய்கிறது. எலும்பிலிருந்தும் கால்சியத்தை எடுத்துத் தருகிறது. எலும்பு என்பது வெறும் தூண் அன்று. தேவைப்படும்போது எடுக்கவும் மீதமாகும்போது சேர்க்கவும் உதவும் களஞ்சியம்.

அக்களஞ்சியத்தின் கட்டுமானம் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. அவ்விழைகளின்மீதே கால்சியம் பாஸ்பேட் படிகிறது. கொலாஜனின் மூவிழை முறுக்கமைப்பை 1954ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்கு அறிவித்தனர். திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் பதப்படுத்தப்படும் தோலின் வலிமைக்கும் அதே புரதமே காரணம்.

நாள்பட்ட கவலை

இதுவரை கண்டது சில நிமிடங்களில் தோன்றி மறையும் மாற்றம். அதில் எலும்பிலிருந்து பெரிதாக ஒன்றும் குறைவதில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மனஅழுத்தத்தின் வழி வேறு.

அழுத்தம் நீடிக்கும்போது ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியையும், பிட்யூட்டரி அட்ரினலின் புறணியையும் தூண்ட, கார்டிசால் என்னும் ஹார்மோன் மிகுகிறது. மிகுந்த கார்டிசால் குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் கூட்டுகிறது. புதிய எலும்பைக் கட்டும் செல்களின் வேலையைத் தளர்த்துகிறது. வரவு குறைந்து செலவு மிகுந்தால் களஞ்சியம் என்னவாகும்? கார்டிசால் அளவுகடந்து சுரக்கும் நோயாளிகளின் முதுகெலும்புகள் மெலிந்து அமுங்குவதை ஹார்வி குஷிங் 1932இல் விவரித்தார். ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் அறிவுரையின்றி நெடுநாள் உட்கொள்வோர்க்கும் இதே கேடு நேர்கிறது. உடல் பெருக்க வேண்டி அம்மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்குவோர் அறிய வேண்டிய செய்தி இது.

நரம்பு மண்டலம் எலும்புடன் நேராகவும் தொடர்பு கொள்கிறது. பரிவு நரம்பிழைகள் எலும்புக்குள்ளும் செல்கின்றன. அவற்றின் தூண்டல் மிகுந்தால் எலும்பு கட்டப்படுவது குறைகிறது என்று 2002இல் எலிகளைக்கொண்டு நடந்த ஆய்வு காட்டியது. அச்ச நேரத்தில் எலும்பே ஆஸ்டியோகால்சின் என்னும் புரதத்தை வெளியிட்டு உடலை முடுக்குகிறது என்று 2019இல் மற்றோர் ஆய்வு கூறியது. எலிக்கு உண்மையானது மனிதர்க்கும் அப்படியே பொருந்துமா என்னும் விவாதம் தொடர்கிறது.

நெடுநாள் மனச்சோர்வு உடையோரின் எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அதற்குக் கார்டிசால் ஒன்றே காரணம் என்று கூறுவது பொருந்தாது. மனம் சோர்ந்தவர் நடப்பதில்லை, வெயிலில் நிற்பதில்லை, வேளைக்கு உண்பதில்லை. இவையும் எலும்பை மெலிவிப்பவையே. மறுபுறம், இரத்தக் கால்சியம் நோயால் குறைந்தவர்க்குப் பதற்றமும் எரிச்சலும், அளவுகடந்து மிகுந்தவர்க்குச் சோர்வும் மனக்குழப்பமும் தோன்றுவதை மருத்துவர்கள் காண்கின்றனர்.

ஓராண்டுத் தேர்வுக் கவலையால் எலும்பு கரைந்துவிடும் என்று எண்ணி மாணவர் புதிதாகக் கவலைகொள்ளத் தேவையில்லை. கவலையின்பேரில் உணவையும் விளையாட்டையும் உறக்கத்தையும் விடுவதே இப்பருவத்தில் பேரிழப்பு. வாழ்நாளுக்கு வேண்டிய எலும்பின் பெரும்பகுதி பதின்பருவம் முடிவதற்குள் கட்டப்பட்டுவிடுகிறது. 16 முதல் 18 வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு 1050 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் தந்த பரிந்துரை.

வயலும் கிணறும்

அந்த அளவை மாத்திரையில் தேட வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியில் அதன் சிறு பங்குகூட இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வரும் முருங்கைக்காயைவிட, மரத்தடியில் விலையின்றிக் கிடைக்கும் முருங்கைக்கீரையில் கால்சியம் பன்மடங்கு மிகுதி. எள்ளிலும் மோரிலும் நிறைய உண்டு. உண்டதை உடல் ஏற்பதற்கு வைட்டமின் டி வேண்டும். அதைத் தோலில் உருவாக்குவது சூரிய ஒளி. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டிலும் இக்குறைபாடு பரவலாக இருப்பதற்கு, பகல் முழுவதும் வகுப்பறையிலும் தனிப்பயிற்சியிலும் கழிவது ஒரு காரணம்.

சமவெளியின் நீரையும் கருத வேண்டும். குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர அளவு. நிலக்கோட்டைப் பகுதி உள்ளிட்ட திண்டுக்கல் மாவட்டத்தின் சில இடங்களில் நிலத்தடி நீர் அவ்வளவைக் கடந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. புளோரைடு கால்சியத்தோடு பிணைந்து எலும்பில் படிந்து, அதைத் தடிக்கச் செய்யும். முற்றிய நிலையில் முதுகெலும்பு தண்டுவடத்தை நெருக்கிக் கைகால்களைச் செயலிழக்கச் செய்யும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்நிலையை ஷார்ட் முதலிய மருத்துவ ஆய்வாளர்கள் 1937ஆம் ஆண்டு விவரித்தனர். உணவில் கால்சியம் குறைந்தவர்களை இது கடுமையாகத் தாக்குகிறது.

கை குவிந்த வேளையில்

அச்சத்தால் ஒருவருடைய கை இறுகியிருப்பின் முதலில் செய்ய வேண்டியது கூட்டத்தை விலக்குவது. அவரை அமரவைத்து, அருகில் ஒருவர் மட்டும் இருந்து, மெதுவாக மூச்சை இழுத்து அதைவிட மெதுவாக வெளிவிடும்படி சொல்லி, தாமும் உடன் செய்து காட்டலாம். கரியமில வாயு மீண்டும் சேர, கார நிலை தணிந்து, ஆல்புமினை விட்டுக் கால்சியம் விலகும். விரல்கள் தாமே விரியும். சாவிக்கொத்து செய்ததாகத் தோன்றியது இதுதான். உறையை மூக்கில் கவிழ்த்து மூச்சுவிடச் செய்யும் பழைய முறையை இன்று பரிந்துரைப்பதில்லை. மூச்சுத்திணறலுக்குக் காரணம் ஆஸ்துமாவாகவோ இதயநோயாகவோ இருந்தால் அது உயிருக்கே கேடாக முடியும்.

நினைவு தப்பி உடல் வெட்டி இழுத்தால் அது வலிப்பாகலாம். அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கையில் சாவியோ வாயில் துணியோ கரண்டியோ திணித்தலாகாது. ஐந்து நிமிடங்களைக் கடந்தும் இழுப்பு நிற்காவிடில் 108 எண்ணை அழைக்க வேண்டும்.

அச்சமே இல்லாத வேளையிலும் விரல்கள் அடிக்கடி மரத்தால், கழுத்தில் அறுவை நடந்த பின் கை குவிந்தால், அதனை மனத்தின் வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அங்கே கால்சியம் உண்மையாகவே குறைந்திருக்கலாம். வைட்டமின் டியோ மக்னீசியமோ பாராதைராய்டு ஹார்மோனோ குறைந்திருக்கலாம். மொத்தக் கால்சியம் சரியாக இருப்பதாக ஆய்வுத்தாள் கூறினாலும், ஐயம் நீங்காத மருத்துவர் அயனிக் கால்சியத்தைத் தனியே அளந்து வரும்படி எழுதித் தருவது இதனால்தான்.